கப்டன் லாம்ப்ரோஸின் கோட்டும் நானும்

எங்கள் தேவாலயப் பங்கின் ஆண்டு மலருக்குத் தொழில் அனுபவம் எழுதித் தரும்படி கேட்டபோது, ஆள் மாறிக் கேட்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சென்ற மலரில் எழுதியவர் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருந்தவர். அதற்கு முந்திய மலரில் எழுதியவர் மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் இருந்தவர். நானோ பதினாறு வருடம் மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு ட்ரை கிளீனிங் கடையின் பின்பக்கத்தில் நின்று ஊரார் காற்சட்டைகளை அயன் பண்ணியவன். இதைச் சொன்னதும், "அதைத்தான் எழுதுங்கோ. அந்தக் கிரேக்கக் கப்டன்ரை கதையையும் சேத்து எழுதுங்கோ" என்றார்கள். கப்டனின் புகழ் எங்கள் பங்கு இருக்கும் ரொக்ஸ்பரோ வரைக்கும் வந்துவிட்டதென்று எனக்கு அப்போதுதான் தெரியும். பரப்பியவள் கடையில் என்னோடு வேலை செய்த செல்வியாகத்தான் இருக்க வேண்டும்.

கப்டன் லாம்ப்ரோஸை நான் கண்டதில்லை. அவர் செத்து நூறு வருடத்துக்கு மேல். ஆனாலும் என் மனைவியின் சொந்தக்காரர் பலரைவிட அவரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியும். என் முதலாளி தனாசி அவருடைய பரம்பரையில் வந்தவர். ஒவ்வொரு நாள் காலையிலும் கொதிகலன் சூடேறும் இருபது நிமிடமும் கப்டனுக்குரியது. கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி தொடங்குவார். கப்டன் மலைப்பாதையில் துருக்கியரை மறித்த கதை. கப்டன் துவக்குக்கு மருந்து தீர்ந்ததும் கல்லால் அடித்த கதை. திங்கட்கிழமை முப்பது துருக்கியர் என்றால் வெள்ளிக்கிழமை அது எழுபதாகிவிடும். வார இறுதியில் அவர்களுக்கு உதவிப்படை வந்திருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொள்வேன்.

தொழில் பழகிய கதை சுருக்கமானது. அகதியாக வந்து, பாத்திரம் கழுவி, கட்டடம் துடைத்து, பிறகு இந்தக் கடைக்கு வந்தேன். பழக்கியவர் ஒரு போர்த்துக்கேய மனுசி. அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்த சொல் 'நோ' ஒன்றுதான். ஒரு மாதம் 'நோ' கேட்டேன். அடுத்த மாதம் அவர் ஒன்றும் சொல்லாமல் போனார். அத்தோடு நான் தொழிலாளி ஆகிவிட்டேன்.

என் பெயர் அந்தோனி. முதலாளிக்கு அது பெரிய சந்தோசம். கிரேக்கத்திலும் அந்தப் பெயர் உண்டாம். "நீ எங்கடை ஆள்தான். உன்ரை ஆக்கள் எப்பவோ கப்பலிலை வழிதவறிப் போயிருக்கினம்" என்பார். நானும் அவரும் பேசியது பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு, மிச்சம் கை. அதை அப்படியே எழுதினால் உங்களுக்குத் தலையிடிக்கும். ஆகவே, இந்தக் கட்டுரை முடியும் வரைக்கும் தனாசி நல்ல யாழ்ப்பாணத் தமிழ் கதைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் அவர் கறாரான மனிதர். மாட்டித் தொங்கும் ஒவ்வொரு உடுப்பையும் கழுத்து, கைமடிப்பு, பொத்தான், கீழ்க்கரை என்ற வரிசையில்தான் பார்ப்பார். வரிசை மாறாது. பிழை கண்டால் கத்தமாட்டார். அந்த உடுப்பை எடுத்துவந்து என் மேசையில் வைத்துவிட்டு, பெருமூச்சு விட்டு, "கப்டன் இதைப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போயிருந்தால் துருக்கியன் சிரிச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஏச்சு வாங்கியிருந்தால் மறந்திருப்பேன். இது அன்று முழுக்கக் காதுக்குள் நிற்கும்.

வருடம் ஒருமுறை, மார்ச் மாதக் கடைசியில், கிரேக்கரின் விடுதலை நாள் ஊர்வலம் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் நடக்கும். முதலாளி கப்டனுடைய வேடத்தில் முன்வரிசையில் நடப்பார். இடுப்பில் வாள், தலையில் சிவப்புத் தொப்பி, காலில் கம்பளிக் காலுறை. நடுவில், முழங்கால் வரைக்கும், வெள்ளை வெளேரென்று ஒரு பாவாடை. புஸ்தனெல்லா என்பார்கள். அந்தக் காலத்து மலைப் போராளிகள் கட்டியது. மேலே ஒடுங்கிக் கீழே விரிந்த முக்கோணத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றோடொன்று தைத்தது. நானூறு வருட அடிமைத்தனத்துக்கு நானூறு மடிப்பு என்பது முதலாளியின் கணக்கு. நான் இரண்டு தரம் எண்ணினேன். நானூறு வரவில்லை. சொன்னதற்கு, "மிச்சத்தை நீ அயன் பண்ணி அழிச்சுப்போட்டாய்" என்றார்.

அந்தப் புஸ்தனெல்லாவை முதன்முதலில் என்னிடம் ஒப்படைத்த வருடம், என் மானம் கப்பலேறியது. வெள்ளைத் துணி, மடிப்பு நிற்கவேண்டும், பெருநாள் உடுப்பு. எங்கள் ஆள் ஒருவனிடம் இந்த மூன்றையும் சொன்னால் அவன் என்ன செய்வான்? கஞ்சி போடுவான். வீட்டில் பச்சையரிசி அவித்து, வடித்து, இரண்டு பெரிய போத்தலில் நிரப்பி பஸ்ஸில் கொண்டுபோய், வேட்டிக்குப் போடுவதுபோல் மொத்தமாகப் போட்டேன். காய்ந்ததும் அது தானாக நின்றது. முதலாளி கண்கலங்கி என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார்.

ஊர்வலத்தன்று ஈரப்பனி கொட்டியது. கஞ்சி இளகியது. பாதி வழியில் புஸ்தனெல்லா கம்பளிக் காலுறையோடு ஒட்டிக்கொண்டது. முதலாளி தத்தித் தத்தி நடந்தார். சோற்று மணத்துக்கு ஒரு நாய் கடைசி வரைக்கும் பின்னால் போனது. மறுநாள் வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு பின்கதவால் நுழைந்தேன். முதலாளி கோப்பியோடு நின்றார். "அந்தோனி, கப்டனை ஒருக்கால் கோட்டைக்குள்ளை வைச்சு முற்றுகை போட்டவங்கள். சாப்பாடு இல்லை. உன்ரை கஞ்சி இருந்திருந்தால் பாவாடையை அவிச்சுக் குடிச்சுத் தப்பியிருப்பார்" என்றார். அதற்குப் பிறகு நான் முறையாகப் பழகினேன். இடுப்புப் பட்டியை மேசையில் ஊசியால் குத்தி, துணியைத் தலைகீழாக விரித்து, ஒவ்வொரு மடிப்பையும் நீள நூலோட்டத்தால் பிடித்து, ஆவி விட்டு, முழுதாக ஆறிய பிறகே நூலை உருவவேண்டும். ஒன்றரை நாள் வேலை. பத்துப் பன்னிரண்டு வருடம் அதைச் செய்திருக்கிறேன். அந்தத் துணியின் முக்கோணங்கள் கண்ணை மூடினாலும் விரலில் தட்டுப்படும்.

இனி, கோட்டு வந்த கதை.

கப்டனின் கதைகளில் முதலாளிக்கு மிகவும் பிடித்தது கடைசிக் கதை. விடுதலை கிடைத்த பிறகு கிரேக்கத்துக்கு அரசனாக வந்தது ஜெர்மன் பக்கத்து இளந்தாரி ஒருவன். அவனுடைய ஆட்கள் மலைப் போராளிகளைக் கூப்பிட்டு, "பாவாடையைக் கழற்றி இறுக்கக் காற்சட்டை போடுங்கள், அரச படையில் அதிகாரி ஆக்குகிறோம்" என்றார்களாம். கப்டன் அந்தக் காற்சட்டையை வாங்கி, கேட்டவன் முகத்திலேயே எறிந்துவிட்டு, ஆடு மேய்க்க மலைக்குப் போனாராம். எறிகிற இடத்தில் முதலாளி எப்போதும் கையில் அகப்பட்டதை எறிவார். பலமுறை அது நான் அயன் பண்ணி முடித்த காற்சட்டையாக இருந்தது.

கடைக்கு எதிரே டிப்பனர், அதாவது பாலும் பாணும் விற்கும் மூலைக்கடை, வைத்திருந்த கோஸ்தாவும் கிரேக்கர். அவருடைய மூதாதை ஒருவர் அரச படையில் சேர்ந்தவராம். முப்பது வருடமாக முதலாளி அவரை 'காற்சட்டை' என்றுதான் கூப்பிட்டு வந்தார். பால் வாங்கப் போனாலும், "காற்சட்டை, ஒரு பால் தா."

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, ஒரு ஜனவரி மாதம் முதலாளியின் தமக்கை வாசோ ஒரு பெட்டியோடு கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. புவாண்ட்-கிளேரில் தனியாக இருந்தார். அவர் நுழைந்தால் முதலாளி சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார். பெட்டிக்குள் ஒரு பழைய கோட்டு. கருநீலக் கம்பளி, நிமிர்ந்த கழுத்து, பித்தளைப் பொத்தான்கள், பூச்சி அரித்த ஓட்டைகள். ஊரில் பழைய வீட்டுக் கூரையைப் பிரித்தபோது அகப்பட்டதாம். கழுத்துப் பட்டிக்குள் மையால் எழுதியிருந்ததை வாசோ விரலால் தொட்டு வாசித்தார். லாம்ப்ரோஸ் என்ற பெயர். பக்கத்தில் அரச படையின் பதவி.

"அப்ப காற்சட்டையை எறிஞ்ச கதை?" என்றார் வாசோ.

முதலாளி சட்டைப் பொத்தானை இன்னொருமுறை சரிபார்த்தார்.

"எறிஞ்சு போட்டுப் பேந்து பொறுக்கிக்கொண்டு வந்திருப்பார் போலை. தம்பி, இந்த முறை ஊர்வலத்தண்டு கோயில் மண்டபத்திலை கண்காட்சி. நான்தான் பொறுப்பு. இதை நடுவிலை வைக்கப்போறன். துப்புரவாக்கித் தா."

அவர் போனதும் முதலாளி கோட்டை மூடிவைத்தார். எதிர்க்கடையை ஒருமுறை பார்த்தார். அன்று பின்னேரம் என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்தோனி, இதை மெசினிலை போடு. சுடுதண்ணி" என்றார்.

பழைய கம்பளியைச் சுடுதண்ணியில் போட்டால் என்ன மிஞ்சும் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். குழந்தைப்பிள்ளைக்குப் போடுகிற அளவில் ஒரு கட்டி. "முதலாளி, அது..." என்றேன்.

"தெரியும். நீ தவறுதலாப் போட்டாய் எண்டு அக்காவுக்குச் சொல்லுறன். உன்னைப் பிழை விடுறவன் எண்டு நம்புவா. கஞ்சிக் கதை அவவுக்குத் தெரியும். உன்னை வேலையாலை நிப்பாட்டினதாயும் சொல்லுவன். நிப்பாட்டமாட்டன்."

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கஞ்சிப் பிழை நான் மனதார நல்லது நினைத்துச் செய்தது. வேண்டுமென்று ஒரு துணியைக் கெடுத்ததில்லை. வாடிக்கையாளர் என்னை நாயே என்று திட்டிவிட்டுப் போன நாளிலும் அவர்களுடைய கழுத்துப் பட்டியைக் கருக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு ஆங்கிலமும் போதாது, பிரெஞ்சும் போதாது. "முதலிலை பூச்சி சாகவேணும். இல்லாட்டில் மெசினுக்குள்ளை பரவும். ஒரு கிழமை தாங்கோ" என்றேன். அது பாதி உண்மை.

கோட்டைப் பொலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, பின்பக்க இரும்புப் படிக்கட்டில் வெளியே வைத்தேன். அந்தக் கிழமை சைபருக்குக் கீழே இருபத்தைந்து. பூச்சிக்கு மொன்றியல் குளிரைவிட நல்ல மருந்து கிடையாது, அதுவும் சும்மா கிடைக்கிறது. முதலாளி தினமும் காலையில் வந்து, "செத்துதோ?" என்பார். "ஒண்டு இன்னும் அசையுது" என்பேன். அந்தக் கிழமை முழுக்கக் கப்டன் கதை இல்லை. கொதிகலன் சூடேறும் சத்தத்தை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். பன்னிரண்டு வருடமாக என்னை அறுத்த அந்தக் கதைகள் இல்லாமல் கடை வெறிச்சென்று இருந்தது. எனக்கு அந்த மனிதர்மேல் இரக்கம் வந்துவிட்டது.

எங்கள் ஆட்களிலும் இந்தக் கணக்குப் பார்க்கிறவர்கள் உண்டு. யார் எந்தக் காலத்தில் எந்தப் பக்கத்துச் சட்டை போட்டிருந்தார், பிறகு ஏன் மாற்றினார் என்று கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கதைப்பார்கள். மாற்றியவனுடைய வீட்டில் அன்றைக்கு உலை வைத்திருந்ததா என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

எட்டாம் நாள் பையை உள்ளே எடுத்தேன். முதலாளி வங்கிக்குப் போயிருந்தார். கடையில் உடுப்புத் தைத்துத் திருத்தும் செல்வியைக் கூப்பிட்டேன். கோட்டை மேசையில் விரித்து, மேலே வலை போட்டு, தூசியை உறிஞ்சி எடுத்தேன். செத்த பூச்சி நிறைய வந்தது. சாயம் ஊறுகிறதா என்று பார்க்க ஈர வெள்ளைத் துணியை உட்பக்க மடிப்பில் ஒற்றினேன். அப்போதுதான் உட்துணியைச் சரியாகப் பார்த்தேன். பழுத்த வெள்ளை. பருத்தி.

கோட்டு உட்துணி என்றால் அகலமாக இரண்டு மூன்று துண்டு இருக்கும். இதில் விரலை ஓட விட்டால் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தையல் தட்டுப்பட்டது. ஒடுங்கிய துண்டுகள். ஒரு முனை கூர், மறு முனை அகலம். கூர்முனை கீழே பார்க்க, தலைகீழாக வெட்டிச் சேர்த்திருந்தார்கள். துண்டுக்குத் துண்டு ஒரு கோடு. அந்தக் கோடு எனக்குத் தெரியும். பல வருடம் மடித்து மடித்து அழுத்திய துணியில், மடிப்பு விளிம்பில் நூல் தேய்ந்து ஒரு தழும்பு விழும். எந்த ஆவியாலும் அதை எடுக்க முடியாது.

"செல்வி, இஞ்சை தொட்டுப் பார்."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். "என்ன அண்ணை, துண்டு துண்டாக் கிடக்குது. ஆரோ பாவாடையை வெட்டித் தைச்ச மாதிரி..." என்றவள் அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அதுதான்" என்றேன்.

கோட்டின் இடது கைக்குள்ளும் என் கையை விட்டுப் பார்த்தேன். அதற்குள் வேறொன்றும் இருந்தது. செல்வியும் பார்த்தாள். இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தோம். "இதை அந்தாளுக்குச் சொல்லாதேங்கோ அண்ணை" என்றாள். நான் சொல்லவில்லை. அது பிறகு வரும்.

முதலாளி வந்ததும் கோட்டை மேசையில் மறுபுறமாக விரித்து வைத்து, பக்கத்தில் அவருடைய புஸ்தனெல்லாவையும் விரித்தேன். அவருடைய கையைப் பிடித்து முதலில் பாவாடையில் வைத்தேன். பிறகு கோட்டின் உட்துணியில் வைத்தேன். அந்த விரல்கள் முப்பது வருடம் துணி பார்த்த விரல்கள். கழுத்து, கைமடிப்பு, பொத்தான், கீழ்க்கரை என்று வரிசையாகப் போகிறவை, அன்று வரிசை தவறி அங்கும் இங்கும் ஓடின.

"வெளியிலைதான் ராசாவின்ரை உடுப்பு" என்றேன். எனக்கே என் பிரெஞ்சு அவ்வளவு நன்றாக வந்தது ஆச்சரியம்.

முதலாளி கொதிகலன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தது. "சுடுதண்ணி வேண்டாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பச்சைத்தண்ணியும் வேண்டாம்" என்றார்.

மார்ச் வரைக்கும் அந்தக் கோட்டில் வேலை செய்தேன். கறையை ஒற்றி ஒற்றி எடுத்தேன். செல்வி ஓட்டைகளுக்குப் பின்னால் மெல்லிய வலைத்துணி வைத்துத் தைத்தாள். தூக்கி மாட்டினால் தோள் கிழிந்துவிடும் என்பதால் பஞ்சு அடைத்து ஒரு தோள்கட்டை செய்தேன். கண்காட்சியன்று கோட்டு மண்டபத்தின் நடுவில் நின்றது, முன்பக்கம் திறந்து, உட்துணி தெரியும்படி. அப்படி வைக்கச் சொல்லி அடம்பிடித்தவர் முதலாளி. வாசோ நீண்ட நேரம் குனிந்து பார்த்தார். பிறகு கைப்பையில் இருந்து பேனையை எடுத்து, தான் எழுதி வைத்திருந்த விளக்க அட்டையில் பதவிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்தார். ஆசிரியை அல்லவா, தன் பிழையைத் தானே திருத்திக் கையெழுத்தும் வைத்தார்.

டிப்பனர் கோஸ்தாவும் வந்தார். கோட்டைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். முப்பது வருடத்துக்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அவர் வாயில் வந்து நின்றது எனக்கே தெரிந்தது. முதலாளி முந்திக்கொண்டார். "கோஸ்தா, என்னை நீ ஒரு வருசத்துக்குக் காற்சட்டை எண்டு கூப்பிடலாம்." கோஸ்தா, "முப்பது" என்றார். பேரம் பேசி ஐந்தில் முடிந்தது.

மறுநாள் காலை கொதிகலன் சூடேறும்போது கதை திரும்பி வந்தது. அரசன் அணிவகுப்பைப் பார்க்க வந்தானாம். எல்லோரும் விறைத்து நிற்க, கப்டன் கோட்டுப் பொத்தானைக் கழற்றி உட்துணியைக் காட்டினாராம். அரசன் தொப்பியைக் கழற்றினானாம். வெள்ளிக்கிழமை ஆகும்போது அரசன் அழத் தொடங்கியிருந்தான். எனக்கு அன்று அந்தக் கதை தித்தித்தது.

நான் ஓய்வுபெற்றதும் முதலாளி கடையை விற்றதும் ஒரே மாதம். கடைசி நாள் இரண்டு கோப்பியோடு பின்பக்க மேசையில் இருந்தோம். கொதிகலனை மூட்டவில்லை. முதலாளி கோப்பியை ஊதிக்கொண்டு, "அந்தோனி, அந்தக் கோட்டின்ரை இடது கைக்குள்ளை என்ன இருந்தது?" என்றார்.

எனக்குக் கோப்பி புரைக்கேறியது.

இனி மறைக்க ஒன்றுமில்லை. இடது கை உட்துணி புஸ்தனெல்லா அல்ல. தலையணை உறை. சிவப்பு நூலில் கொழுத்த சேவல் ஒன்று பின்னியிருந்தது, சரியாக அக்குளுக்குக் கீழே. தைத்தது யாரோ, மனைவியாக இருக்கலாம். பாவாடைத் துணி முடிந்ததும் வீட்டில் அகப்பட்டதைப் போட்டுத் தைத்திருக்கிறார். அப்படியென்றால் பாவாடையைப் போட்டதும் வீரத்துக்குத்தானா, அல்லது புதுத்துணி வாங்க வழியில்லாமலா என்று எனக்குத் தெரியாது. முதலாளியின் முகத்தைப் பார்த்த பிறகு அதை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றேன்.

"அண்டைக்கே. உன்ரை கை போன இடத்துக்கு என்ரை கை போகாதோ? கொதிகலன் அறைக்குள்ளை நான் அழுதனான் எண்டு நீ நினைச்சனீ. பாதிதான் அழுதனான். மிச்சம் சிரிப்பு. நீ சொல்லுவாய் எண்டு பாத்தன். சொல்லேல்லை. அதாலை நானும் சொல்லேல்லை."

"அப்ப அரசன் அழுத கதை?"

"அது உனக்கு. நீ ஆசையாக் கேட்டாய்."

பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, ஊர்வலத்தில் நடப்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி, அந்த வெறும் கடைக்குள் நாலடி நடந்து காட்டினார். "முன்வரிசையிலை நான் உதட்டை இறுக்கிக்கொண்டு நடக்கேக்கை, சனம் வாளை நினைச்சு நடக்கிறன் எண்டு நினைக்குது. நான் சேவலை நினைச்சு நடக்கிறன், அந்தோனி. ராசாவுக்கு முன்னாலை, அக்குளுக்குள்ளை ஒரு சேவலோடை அந்த மனுசன் விறைச்சு நிண்டிருக்கிறான். அந்தச் சம்பளத்திலை வீட்டிலை பிள்ளையள் சாப்பிட்டிருக்குதுகள்."

சொல்லிவிட்டு இடது கையை விலாவோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார், உள்ளே இருப்பது கூவிவிடக் கூடாது என்பதுபோல.